சக்கரத்தின் சரித்திரம் – 31: மில் அவென்யூவில் 5.6 நொடிகள்

சென்ற அத்தியாயத்தை மொஹாவி பாலைவனத்தில் முடித்தோம். 2004 மார்ச்சில் அங்கே நடந்த, ஓட்டுநரில்லா வண்டிகளுக்கான முதல் பந்தயத்தில் 142 மைல் ஓடவேண்டிய வண்டிகளில் ஒன்றுகூட எட்டு மைலைத் தொடவில்லை. அடுத்த ஆண்டே ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் ‘ஸ்டான்லி’ 132 மைல் பாதையை ஆள் துணையின்றி ஓடி முடித்துப் பரிசைத் தட்டிச் சென்றது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சி அமைப்பான டார்பா நடத்திய அந்தப் பந்தயங்களில் குறுக்கே வருவதற்கு மனிதர்கள் இல்லை. முள்செடி, பாறை, குறுகலான மலைப்பாதை, அவ்வளவுதான். 2007இல் நடந்த நகரப் பந்தயம்கூட ஆள் குடியில்லாத பழைய விமானப்படைத் தளம் ஒன்றில்தான் நடந்தது. தெருவில் எதிர்ப்பட்ட மற்ற கார்களை ஓட்டியவர்களும் தேர்ந்த தொழில்முறை ஓட்டுநர்கள்.

அங்கிருந்து ஓட்டுநரில்லாக் கார் ஊருக்குள் வருவதற்குப் பத்து ஆண்டுகள்கூட ஆகவில்லை. 2009இல் கூகுள் சத்தமில்லாமல் வேலையைத் தொடங்கியது. 2015இல் வாடகைக் கார் நிறுவனமான ஊபர், பிட்ஸ்பர்க் நகரின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் ரோபாட் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த சுமார் 40 பேரை ஒரேயடியாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. ஓட்டுநருக்குக் கொடுக்கும் பங்கு மிச்சமானால் தொழிலின் கணக்கே மாறிவிடும் என்பது அந்த நிறுவனத்துக்குத் தெரியும். முந்திக்கொள்பவருக்குத்தான் சந்தை என்ற அவசரம் எல்லோரையும் பிடித்திருந்த காலம் அது. இந்த அத்தியாயத்தில் நடப்பவை எல்லாம் அந்த அவசரத்திலிருந்து பிறந்தவை.

2016 டிசம்பரில் ஊபர் தன் கார்களை சான் ஃபிரான்சிஸ்கோ தெருக்களில் இறக்கியது. கலிஃபோர்னியாவில் அதற்குத் தனி அனுமதி வாங்க வேண்டும். வாங்கினால் விபத்துகளையும், மனிதர் குறுக்கிட்டு வண்டியைக் கைக்கொண்ட தருணங்களையும் அரசுக்கு எழுதித் தர வேண்டும். ஓட்டுநர் இருக்கையில் ஆள் உட்கார்ந்திருப்பதால் தங்களுக்கு இது பொருந்தாது என்று ஊபர் வாதாடியது. மாநில மோட்டார் வாகனத் துறை அதை ஏற்கவில்லை. 16 கார்களின் பதிவையும் ரத்து செய்தது. நிறுவனம் அனுமதி கேட்டு விண்ணப்பம் போடவில்லை. கார்களை லாரிகளில் ஏற்றி அரிசோனாவுக்கு அனுப்பியது.

அரிசோனா கைகளை விரித்துக் காத்திருந்தது. ஆளுநர் டக் டூசி 2015 ஆகஸ்டிலேயே ஒரு நிர்வாக ஆணை போட்டு, இந்தச் சோதனைகளுக்கு மாநிலத்தின் கதவைத் திறந்துவிட்டிருந்தார். வறண்ட வானிலை, அகலமான நேர் சாலைகள், கேள்வி கேட்காத அரசு. அந்த ஆணையின்படி மேற்பார்வைக் குழு ஒன்று அமைக்கப்பட்டது. அது கூடியதே அரிது. எந்தக் கார் எத்தனை முறை தடுமாறியது என்று யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. இந்தத் தெருக்களில் நடப்பவர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவும் இல்லை. மருந்துச் சோதனைக்கு உட்படுபவரிடம் கையெழுத்து வாங்காமல் ஊசி போட முடியாது என்பதை உலகம் 20ஆம் நூற்றாண்டில் மிகக் கசப்பான அனுபவங்களுக்குப் பிறகு கற்றுக்கொண்டது. சாலையில் நடக்கும் சோதனைக்கு அப்படி ஒரு விதி எழுதப்பட்டிருக்கவில்லை.

2018 மார்ச் 18, ஞாயிற்றுக்கிழமை. ஃபீனிக்ஸ் நகரை ஒட்டியுள்ள டெம்பியில் இரவு பத்து மணி ஆகச் சில நிமிடங்கள் இருந்தன. மில் அவென்யூவின் வடக்குப் பகுதியில், கர்ரி ரோடு சந்திப்புக்குச் சற்று முன்னால், 49 வயதுப் பெண் ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்துகொண்டிருந்தார். கைப்பிடியில் பைகள் தொங்கின. சாலையின் நடுத்திட்டில் இரு நடைபாதைகள் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும்படி போடப்பட்டிருந்தன. பார்த்தால் கடப்பதற்காகவே போட்ட வழிபோல இருக்கும். அருகிலேயே ‘இங்கே கடக்காதீர்கள்’ என்று பலகையும் இருந்தது. முறையான கிராஸிங் வடக்கே சுமார் 360 அடி தள்ளி இருந்தது.

அவரை நோக்கி வந்தது ஊபர் மாற்றியமைத்த வோல்வோ எக்ஸ்சி90 கார். அதற்குப் பிறகு நடந்ததை நொடிக்கணக்கில் நாம் அறிவோம். அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் காரின் பதிவுகளைப் பிரித்து மேய்ந்து வெளியிட்ட அறிக்கையில் அது இருக்கிறது. விமான விபத்துகளை ஆராய்ந்து பழகிய அமைப்பு அது. ஒரு சாலை விபத்தை அவ்வளவு நுணுக்கமாகப் பிரித்துக் காட்டிய ஆவணத்தை நான் வேறெங்கும் படித்ததில்லை.

மோதுவதற்கு 5.6 நொடிகளுக்கு முன் காரின் ரேடார் அவரைக் கண்டுவிட்டது. காரின் வேகம் மணிக்கு 44 மைல், அதாவது சுமார் 70 கிலோமீட்டர். இடையில் நூறு மீட்டருக்கும் மேல் தூரம் இருந்தது. அந்த வேகத்தில் அழுத்திப் பிரேக் போட்டால் ஏறக்குறைய முப்பது மீட்டரில் நிற்கலாம். கண்ட பொருளை ‘வாகனம்’ என்று மென்பொருள் குறித்துக்கொண்டது. 5.2 நொடியில் லேசர் கதிர்களால் பார்க்கும் லைடார் அவரைக் கண்டது. ‘வேறு ஏதோ’ என்று குறித்தது. 4.2 நொடியில் மறுபடி ‘வாகனம்’. அடுத்த ஒன்றரை நொடிக்கு ‘வாகனம்’, ‘வேறு ஏதோ’ என்று மாறி மாறித் தடுமாறியது. 2.6 நொடியில் ‘சைக்கிள்’. 1.5 நொடியில் ‘தெரியாத பொருள்’. 1.2 நொடியில் மறுபடியும் ‘சைக்கிள்’.

இப்படிப் பெயர் மாறியதுகூடப் பெரிய கேடில்லை. முன்னால் இருப்பது மனிதரா சைக்கிளா என்று தெரியாவிட்டாலும், ஏதோ ஒன்று இடமிருந்து வலமாக நம் பாதையை நோக்கி நகர்கிறது என்று தெரிந்தால் போதும், வேகத்தைக் குறைக்கலாம். கேடு வேறோர் இடத்தில் இருந்தது. ஒவ்வொரு முறை பெயர் மாறும்போதும், அந்தப் பொருள் அதுவரை நகர்ந்துவந்த தடத்தை மென்பொருள் கணக்கிலிருந்து விட்டுவிட்டது. புதிய பெயருக்குப் புதிய கணக்கு. புதிதாய்த் தோன்றிய பொருளுக்கு நகர்ந்த வரலாறு இல்லை. வரலாறு இல்லாததால் அது அசையாமல் நிற்பதாகக் கணித்தது. சீராக நடந்துவந்த ஒருவர் காரின் கணக்கில் திரும்பத் திரும்ப நின்றுகொண்டே இருந்தார். 1.2 நொடி இருக்கும்போதுதான் அவர் முழுமையாகத் தன் பாதையில் இருக்கிறார், ஆபத்து, என்று கார் புரிந்துகொண்டது.

புரிந்துகொண்ட பிறகும் ஒரு நொடி அது ஒன்றும் செய்யவில்லை. செய்யக்கூடாது என்று நிரல் எழுதியவர்கள் சொல்லிவைத்திருந்தார்கள். இல்லாத ஆபத்தைக் கண்டு சட்சட்டென்று பிரேக் போடும் பழக்கம் அந்தக் காருக்கு இருந்தது. அதற்கு மருந்தாக, ஆபத்து என்று தோன்றினால் ஒரு நொடி பொறுத்திருந்து சரிபார்க்க வேண்டும் என்று வைத்தார்கள். அதற்குள் இருக்கையில் இருக்கும் ஓட்டுநர் பார்த்துக்கொள்வார் என்பது எதிர்பார்ப்பு. அந்த ஒரு நொடி முடிந்தபோது 0.2 நொடி மிச்சமிருந்தது. அப்போதும் முழு பலத்தோடு பிரேக் விழவில்லை. மோதலை இனித் தவிர்க்க முடியாது என்று தெரிந்தால் முழு பிரேக் வேண்டாம், ஓட்டுநருக்கு ஓர் ஒலி எழுப்பி மெல்ல வேகத்தைக் குறைத்தால் போதும் என்பதும் எழுதப்பட்ட விதிதான். ஓட்டுநர் ஸ்டியரிங்கைப் பிடித்தபோது 0.02 நொடி இருந்தது. மோதியபோது வேகம் 39 மைல். ஓட்டுநர் பிரேக்கை மிதித்தது மோதி 0.7 நொடி கழித்து.

அறிக்கையில் ஒரு வரி இருக்கிறது. அதைப் படித்துவிட்டு மேலே போக எனக்கு நேரம் பிடித்தது. கிராஸிங் இல்லாத இடத்தில் சாலையைக் கடக்கும் பாதசாரிகளை அந்த அமைப்பின் வடிவமைப்பு கணக்கில் எடுத்துக்கொள்ளவே இல்லை என்று வாரியம் எழுதியது. கிராஸிங்குக்கு அருகில் இல்லாத ஒருவரைக் கண்டால், அவர் சாலையைக் கடக்கப் போகிறார் என்று அந்தக் கார் ஊகிக்காது. மனிதர்கள் நடக்கும் ஊரில் ஓட்ட உருவாக்கப்பட்ட காருக்கு, மனிதர்கள் எப்படி நடப்பார்கள் என்பது சொல்லித் தரப்படவில்லை.

இது ஓர் இளம் பொறியாளரின் மறதி என்று கடந்துபோக முடியாது. இதன் வேர் நூறு ஆண்டு ஆழத்தில் இருக்கிறது.

1920களின் அமெரிக்காவில் தெரு எல்லோருக்கும் பொதுவாக இருந்தது. பிள்ளைகள் விளையாடினார்கள், வண்டிக்காரர்கள் காய்கறி விற்றார்கள், நடப்பவர்கள் எங்கே வேண்டுமானாலும் கடந்தார்கள். அங்கே புகுந்த மோட்டார் கார் அந்தப் பத்தாண்டில் இரண்டு லட்சத்துக்கும் அதிகமான உயிர்களைக் குடித்தது. இறந்தவர்களில் குழந்தைகள் ஏராளம். பால்டிமோர் நகரில் 1922இல், கார்களில் அடிபட்டு இறந்த பிள்ளைகளுக்கு நினைவுச் சின்னமே எழுப்பினார்கள். பத்திரிகைகளின் கேலிச் சித்திரங்களில் கார் ஓட்டி எமனாக வந்தான். 1923இல் சின்சினாட்டி நகரத்தில் 42,000 பேர் ஒரு மனுவில் கையெழுத்திட்டார்கள். ஊருக்குள் ஓடும் ஒவ்வொரு காரிலும் மணிக்கு 25 மைலுக்கு மேல் போகவிடாத கருவியைப் பொருத்த வேண்டும் என்பது கோரிக்கை. வண்டியே தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ள வேண்டும் என்று மக்கள் கேட்டார்கள்! கார் விற்பவர்கள் பயந்துபோய்ப் பணத்தைக் கொட்டிப் பிரசாரம் செய்தார்கள். வாக்கெடுப்பில் அந்தக் கோரிக்கை தோற்றது.

தோற்ற பிறகு நடந்ததை வரலாற்றாசிரியர் பீட்டர் நார்ட்டன் விரிவாக எழுதியிருக்கிறார். கார்த் தொழில் ஒன்றுதிரண்டது. ஆபத்து கார் ஓட்டுபவரால் வருகிறது என்ற எண்ணத்தைப் புரட்டி, தப்பான இடத்தில் நடப்பவரால் வருகிறது என்று பேசவைத்தது. கிராஸிங் இல்லாத இடத்தில் கடப்பவரைப் பட்டிக்காட்டான் என்று இளக்காரம் செய்யும் பிரசாரங்கள் நடந்தன. 1925இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரம் அதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. மற்ற நகரங்களுக்கு அந்தச் சட்டம் முன்மாதிரி ஆனது. பத்தே ஆண்டுகளில் தெரு காருக்குச் சொந்தமாயிற்று. நடப்பவர் அனுமதி பெற்ற கோடுகளுக்குள் மட்டும் இருக்க வேண்டியவர் ஆனார். அந்தச் சட்டங்களோடு வளர்ந்த ஒரு நாட்டில் எழுதப்பட்ட மென்பொருள், கோட்டுக்கு வெளியே மனிதர் வரமாட்டார் என்று எடுத்துக்கொண்டதற்கு இந்தப் பின்னணி உண்டு. காரணம் இருக்கிறது என்று சொல்கிறேனே தவிர, மன்னிப்பு இருக்கிறது என்று சொல்லவில்லை. கோட்டுக்கு வெளியே மனிதர்கள் தினமும் வருகிறார்கள் என்பது டெம்பியின் எந்த டாக்ஸி ஓட்டுநருக்கும் தெரியும்.

இன்னொரு முடிவும் அந்த இரவுக்கு முன்பே எடுக்கப்பட்டிருந்தது. வோல்வோ கார் ஆலையிலிருந்து வரும்போதே அவசரப் பிரேக் வசதியோடு வருகிறது. முன்னால் ஆளோ சைக்கிளோ வந்தால் ஓட்டுநரைக் கேட்காமலே அது காரை நிறுத்தப் பார்க்கும். ஊபரின் கணினி காரை ஓட்டும்போது இந்த வசதி அணைக்கப்பட்டிருந்தது. இரண்டு அமைப்புகளின் ரேடார்களும் ஒரே அலைவரிசையில் இயங்கியதால் ஒன்றோடொன்று குழம்பும் என்பது காரணம். விபத்துக்குப் பிறகு வோல்வோ அதே சூழ்நிலையை 20 விதமாக மாற்றிப் போலி ஓட்டமாக ஓட்டிப் பார்த்தது. 17 முறை மோதலே நடக்கவில்லை. மீதி மூன்று முறை மோதிய வேகம் மணிக்கு 10 மைலுக்கும் கீழே.

அடுத்தது ஓட்டுநர் இருக்கை. முதலில் ஒவ்வொரு சோதனைக் காரிலும் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் சாலையைப் பார்ப்பார், இன்னொருவர் கணினியைப் பார்த்துக் குறிப்பெடுப்பார். 2017இன் இறுதியில் ஊபர் இரண்டாமவரை எடுத்துவிட்டது. இருவர் வேலையும் ஒருவர் தலையில் விழுந்தது. அன்று இரவு இருந்தவர் ஒரே பாதையை இரண்டாவது சுற்றாகச் சுற்றிக்கொண்டிருந்தார். மோதலுக்கு முன் 19 நிமிடங்களாகக் கார் தானே ஓடிக்கொண்டிருந்தது. காருக்குள் அவர் முகத்தை நோக்கி ஒரு கேமரா இருந்தது. அந்தப் பயணத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நேரம் அவர் கண்கள் கீழே, முழங்காலருகே தாழ்ந்திருந்தன. மோதுவதற்கு ஆறு நொடி முன் கீழே போன பார்வை, ஒரு நொடி இருக்கும்போதுதான் மேலே வந்தது. அவருடைய தொலைபேசியில் ஒரு பாட்டுப் போட்டி நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது என்று காவல்துறை கண்டது. அதைத் தான் பார்த்துக்கொண்டிருக்கவில்லை என்பது அவர் தரப்பு.

அவர் செய்தது தவறு. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அந்தத் தவறு நடக்கும் என்பது எழுபது ஆண்டுகளாகத் தெரிந்த விஷயம். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படையின் ரேடார் திரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எதிரிக் கப்பல்களைத் தவறவிட்டார்கள். ஏன் என்று கண்டறிய உளவியலாளர் நார்மன் மேக்வர்த் ஒரு கடிகாரம் செய்தார். முள் ஒவ்வொரு நொடியும் ஒரு படி நகரும். எப்போதாவது இரண்டு படி தாவும். தாவும்போது பொத்தானை அழுத்த வேண்டும். தேர்ந்த வீரர்கள்கூட முதல் அரை மணி நேரத்துக்குள்ளேயே கோட்டைவிடத் தொடங்கினார்கள். 1948இல் அவர் இதை வெளியிட்டார். 1983இல் லிசான் பெயின்பிரிட்ஜ் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் இன்னும் ஒரு படி மேலே போனார். இயந்திரம் எவ்வளவு நன்றாக வேலை செய்கிறதோ அவ்வளவுக்கு அதை மேற்பார்க்கும் மனிதர் பயிற்சியும் கவனமும் இழக்கிறார். அது தடுமாறும் நெருக்கடியில் அந்த மனிதரிடமே எல்லாவற்றையும் ஒப்படைக்கிறோம் என்று விளக்கினார். தொழிற்சாலைகளிலும் விமானங்களிலும் இதைப் பாடமாகவே படிக்கிறார்கள். ஊபரிடம் காருக்குள் கேமரா இருந்தது. அதன் பதிவுகளை எடுத்துப் பார்த்து ஓட்டுநர்களைச் சரிசெய்யும் வழக்கம் இல்லை. பாதுகாப்புக்கென்று தனிப் பிரிவோ, அதற்குப் பொறுப்பான ஓர் அதிகாரியோ அங்கே இல்லை என்றும் வாரியம் எழுதியது.

இதே காலத்தில் உலகம் இந்தக் கார்களின் அறத்தைப் பற்றிப் பேசாமல் இல்லை. மிக அதிகமாகவே பேசியது. எம்ஐடியில் இயாத் ரஹ்வானும் அவர் சகாக்களும் 2016இல் இணையத்தில் ஒரு விளையாட்டுப்போல ஆய்வு ஒன்றைத் தொடங்கினார்கள். பிரேக் பிடிக்காத ஓட்டுநரில்லாக் கார், நேரே போனால் மூன்று முதியவர்கள் சாவார்கள், திருப்பினால் ஒரு குழந்தை சாகும், எது சரி? 1967இல் தத்துவ ஆசிரியர் ஃபிலிப்பா ஃபுட் எழுதிய டிராம் வண்டிப் புதிரின் மறுபிறவி. 233 நாடுகள், ஆட்சிப்பகுதிகளிலிருந்து வந்த 4 கோடி பதில்கள் 2018 அக்டோபரில் ‘நேச்சர்’ ஆய்விதழில் வெளியாயின. கூட்டத்தைக் காப்பாற்று, இளையவரைக் காப்பாற்று, விலங்கைவிட மனிதரைக் காப்பாற்று என்று பெரும்பாலோர் சொன்னார்கள். கீழைநாடுகளில் இளையவருக்கு முன்னுரிமை தருவது சற்றுக் குறைவாக இருந்தது. நாட்டுக்கு நாடு மனம் எப்படி மாறுகிறது என்று காட்டியதில் அந்த ஆய்வுக்கு மதிப்பு உண்டு.

ஆனால் கார் செய்யவேண்டிய அறம் அதில் இருந்ததாக நான் நினைக்கவில்லை. அந்தப் புதிரில் கார் எல்லாவற்றையும் பார்க்கிறது. எதிரே நிற்பவரின் வயதுவரை அறிகிறது. தேர்வு மட்டுமே மீதி. டெம்பியில் இருந்த காருக்கு எதிரே இருப்பது மனிதர் என்பதே கடைசிவரை பிடிபடவில்லை. யாரைக் கொல்வது என்ற தேர்வு அங்கே எழவே இல்லை. எழுந்த தேர்வுகள் எல்லாம் பல மாதங்களுக்கு முன்பு, குளிரூட்டிய அறைகளில், மேசைகளுக்கு முன்னால், சாதாரண வேலை நாட்களில் எடுக்கப்பட்டவை. பொய்யான பிரேக்குகளால் வரும் குலுக்கலைக் குறைக்க ஒரு நொடி காத்திருக்கலாமா? இரண்டாவது ஆளுக்குச் சம்பளம் தேவையா? வோல்வோவின் பிரேக்கை அணைத்தால் அதன் இடத்தில் எதை வைப்பது? கிராஸிங்குக்கு வெளியே நடப்பவரை இந்தப் பதிப்பிலேயே சேர்க்க வேண்டுமா, அடுத்ததில் பார்த்துக்கொள்ளலாமா? இவற்றில் எதுவும் தத்துவ வகுப்புக்கு ஏற்ற கேள்விபோல் தோன்றாது. ஒருவரின் உயிர் இவற்றில்தான் தொங்கியது. விபத்துக்கு ஐந்து நாள் முன்பு நிறுவனத்துக்குள் பணியாற்றிய ஒருவர், சோதனைக் கார்கள் அடிக்கடி இடித்துக்கொள்கின்றன, ஓட்டுநர்களுக்குப் போதிய பயிற்சி இல்லை என்று மேலதிகாரிகளுக்கு மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். அந்த வருட இறுதியில் அது பத்திரிகையில் வெளிவந்தது.

ஜெர்மனி இதில் சற்று நிதானமாக யோசித்தது. முன்னாள் அரசியல் சட்ட நீதிபதி உடோ டி ஃபாபியோ தலைமையிலான குழு 2017 ஜூனில் 20 விதிகளை வெளியிட்டது. தவிர்க்கவே முடியாத விபத்தில் வயது, பாலினம், உடல்நிலை பார்த்து மனிதர்களைத் தரம் பிரிக்கக்கூடாது என்று அது உறுதியாகச் சொன்னது. அப்படியொரு நெருக்கடியே வராமல் தொழில்நுட்பத்தை வடிவமைப்பதுதான் முதல் கடமை என்றும் சொன்னது. எனக்குப் பட்டவரை, அந்த ஆண்டுகளில் எழுதப்பட்டவற்றில் மிகத் தெளிவானது அந்த ஆவணம்தான்.

ஊபரும் மற்ற நிறுவனங்களும் ஓயாமல் சொன்ன வாதம் ஒன்று உண்டு. அமெரிக்கச் சாலைகளில் அப்போது ஆண்டுக்கு 37,000 பேருக்கும் மேல் செத்துக்கொண்டிருந்தார்கள். 94 விழுக்காடு விபத்துகளுக்கு மனிதத் தவறே காரணம் என்று அரசு அறிக்கை ஒன்றைக் காட்டினார்கள். இயந்திரத்துக்குத் தூக்கம் வராது, குடிக்காது. எவ்வளவு சீக்கிரம் வருகிறதோ அவ்வளவு உயிர் மிச்சம். இந்த நம்பிக்கையில் உண்மை இருக்கிறது. அதை ஏளனமாகத் தள்ளிவிடக் கூடாது. ஆனால் அந்த 94 என்ற எண், விபத்துக்கு முந்தைய தொடர்நிகழ்வில் கடைசிக் கண்ணி எது என்பதை மட்டுமே சொன்னது. சாலை எப்படிப் போடப்பட்டது, வேக வரம்பு யார் வைத்தது, விளக்கு எரிந்ததா என்பவை அதில் இல்லை. பாதுகாப்பு வாரியத்தின் தலைவர் ஜெனிஃபர் ஹோமெண்டி 2022இல் இந்த எண்ணைப் பயன்படுத்துவதை நிறுத்துங்கள் என்று வெளிப்படையாகக் கேட்டுக்கொண்டார்.

இயந்திரம் மனிதரைவிடப் பாதுகாப்பானது என்று நிரூபிப்பதும் அவ்வளவு எளிதில்லை. அமெரிக்காவில் மனிதர்கள் ஓட்டும்போது ஏறக்குறைய 10 கோடி மைலுக்கு ஒரு மரணம் நேர்கிறது. ராண்ட் ஆய்வு நிறுவனத்தின் நிதி கல்ராவும் சூசன் பேடக்கும் 2016இல் ஒரு கணக்குப் போட்டார்கள். மனிதர் அளவுக்காவது பாதுகாப்பு உண்டு என்று 95 விழுக்காடு உறுதியோடு சொல்ல, ஒரு மரணமும் இல்லாமல் 27.5 கோடி மைல் ஓட்டிக் காட்ட வேண்டும். 100 கார்கள் இரவு பகல் நிற்காமல் ஓடினாலும் 12 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். 2017 இறுதியில் ஊபரின் கார்கள் ஓடியிருந்தது சுமார் 20 லட்சம் மைல். முதல் மரணம் அதற்கு மூன்று மாதத்தில் வந்தது.

பழி எங்கே போய் நின்றது? மறுநாளே டெம்பி காவல்துறைத் தலைவர், முதல் பார்வையில் ஊபர் மீது தவறிருப்பதாகத் தோன்றவில்லை என்று ஒரு நாளிதழிடம் சொன்னார். காரின் கேமரா காட்சி வெளியிடப்பட்டபோது சாலை கும்மிருட்டாகத் தெரிந்தது. அதே இடத்துக்குப் போய்த் தங்கள் தொலைபேசியில் படமெடுத்தவர்கள், அங்கே தெருவிளக்கு வெளிச்சம் போதுமான அளவு இருந்ததைக் காட்டினார்கள். லைடாருக்கு இருட்டு ஒரு தடையே இல்லை என்பது வேறு விஷயம். மார்ச் 26 அன்று ஆளுநர் டூசி ஊபரின் அனுமதியை நிறுத்தினார். இறந்தவரின் குடும்பத்தோடு நிறுவனம் பத்து நாட்களுக்குள் சமரசம் செய்துகொண்டது; தொகை வெளியே தெரியவில்லை. 2019 மார்ச்சில் அரசு வழக்கறிஞர் அலுவலகம், ஊபர் நிறுவனத்தின் மீது குற்ற வழக்குப் போட அடிப்படை இல்லை என்று கடிதம் எழுதியது.

2019 நவம்பர் 19 அன்று வாரியம் தன் முடிவை அறிவித்தது. விபத்துக்கு நேரடிக் காரணம் ஓட்டுநர் சாலையைக் கவனிக்கத் தவறியது. அதற்குத் துணைபோனவை என்று ஊபரின் குறையுள்ள பாதுகாப்பு நடைமுறைகள், ஓட்டுநர்களை மேற்பார்க்காதது, கிராஸிங்குக்கு வெளியே பாதசாரி கடந்தது, அரிசோனா போக்குவரத்துத் துறையின் மேற்பார்வைக் குறைவு ஆகியவற்றைப் பட்டியலிட்டது. அன்றைய கூட்டத்தில் வாரியத் தலைவர் ராபர்ட் சம்வால்ட், இந்த விபத்து ஊபரோடு முடிந்துபோகும் விஷயமில்லை என்று அழுத்திச் சொன்னார். ஆனால் வாரியத்தால் பரிந்துரைக்கத்தான் முடியும், ஆணையிட முடியாது. ஆணையிடும் அதிகாரமுள்ள நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம், நிறுவனங்கள் தங்கள் பாதுகாப்பு ஏற்பாடுகளைத் தாங்களாகவே விரும்பினால் எழுதித் தரலாம் என்ற நிலையில் இருந்தது. விபத்துகளைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும் என்ற ஆணை 2021 ஜூனில்தான் வந்தது.

ஊபர் பலவற்றைத் திருத்தியது என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு நொடிக் காத்திருப்பை நீக்கியது, காருக்கு இரண்டு பேர் என்ற முறைக்குத் திரும்பியது, வோல்வோவின் பிரேக்கை விழித்திருக்க விட்டது. 2018 டிசம்பரில் பிட்ஸ்பர்கில் மறுபடி ஓட்டத் தொடங்கியது. இத்தனையும் மார்ச்சுக்கு முன்பே செய்யக்கூடியவை. 2020 டிசம்பரில் அந்தப் பிரிவையே அரோரா என்ற நிறுவனத்துக்கு விற்றுவிட்டு ஊபர் வெளியேறியது.

அதே 2020இல், ஓட்டுநர் இருக்கையில் இருந்த பெண்மீது அலட்சியத்தால் மரணம் விளைவித்ததாகக் குற்றம் சாட்டப்பட்டது. 2023 ஜூலையில் அவர் பிறர் உயிருக்கு ஆபத்து ஏற்படுத்திய குற்றத்தை ஒப்புக்கொண்டார். மூன்று ஆண்டுகள் கண்காணிப்பில் இருக்க வேண்டும் என்பது தீர்ப்பு. ஐந்து ஆண்டுகளில் இந்த மரணத்துக்காக நீதிமன்றத்தில் நின்ற ஒரே மனிதர் அவர்தான். பிரிட்டன் மறு ஆண்டு, 2024இல், தானோடும் வாகனங்களுக்கான சட்டத்தை இயற்றியபோது இந்த ஏற்பாட்டை மாற்றியது. கார் தானே ஓடும்போது அது ஓடும் விதத்துக்கு உள்ளே உட்கார்ந்திருப்பவரைக் குற்றவாளியாக்க முடியாது. அனுமதி பெற்ற நிறுவனமே பதில் சொல்ல வேண்டும்.

டெம்பி தீர்ப்புக்கு இரண்டு மாதம் கழித்து, 2023 அக்டோபர் 2 இரவு, சான் ஃபிரான்சிஸ்கோவில் ஒரு பெண்ணை மனிதர் ஓட்டிய கார் ஒன்று இடித்து, பக்கத்து வரிசையில் வந்த க்ரூஸ் நிறுவனத்தின் கார்முன் தள்ளியது. அந்தக் காரில் ஓட்டுநர் இருக்கை காலி. அவர்மேல் ஏறி நின்ற கார், பிறகு ஓரம் கட்டுவதற்காக நகர்ந்து, அடியில் கிடந்தவரை 20 அடி தூரம் இழுத்துச் சென்றது. கலிஃபோர்னியா அதிகாரிகளிடம் நிறுவனம் அந்தக் காட்சியில் எவ்வளவைக் காட்டியது, எதை முழுமையாகச் சொல்லவில்லை என்பதை அடுத்த இதழில் பார்ப்போம்.